சமையலறைக் கதவோர நாற்காலி

"பத்துக்கு ஆறு" என்று கமில்லா தன் மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பினாள். போன வருடக் கிறிஸ்துமஸ் விருந்தில் ஊழியர்களுக்கு எவ்வளவு ஈடுபாடு இருந்தது என்று எல்லோருக்கும் கேள்வித்தாள் அனுப்பி அவள் கண்டுபிடித்த விடை அது. வசந்த காலத்தில்தான் மனிதவளப் பிரிவுக்கு வந்து சேர்ந்திருந்தாள். இருபத்தேழு வயது. எதையும் எண்ணாக மாற்றினால்தான் அவளுக்குப் புரியும். நானோ இந்த ஜன்னல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடங்களாக அந்த விருந்தை நடத்தி வருகிறவள். போன வருடம் நாற்பத்தாறு பேர் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள், நான்கு பேர் மேஜைமேல் ஏறி ஆடினார்கள், ஒருவர் வேலையை விடுவதாக எழுந்து நின்று அறிவித்துவிட்டுத் திங்கட்கிழமை வழக்கம்போல் வந்து சேர்ந்தார். இதற்குமேல் என்ன ஈடுபாடு வேண்டுமாம்?

"மீனைத் தின்னுட்டு மார்க் போடச் சொன்னா இப்படித்தான் வரும்" என்றேன்.

விருந்துக் குழுவில் மூன்றாவது ஆளான கிடங்கு ஃப்ளெமிங் சிரித்தான். கமில்லா சிரிக்கவில்லை. தொலைபேசியில் ஆடும் வினாடி வினா, பகடை உருட்டி ஒருவர் பரிசை ஒருவர் பிடுங்கும் ஆட்டம், கண்றாவியான ஸ்வெட்டருக்குப் போட்டி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியாக, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை இந்த வருடம் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம் என்றாள். தலையாட்டல் நின்றுபோனது.

"பழைய ஃபைலெல்லாம் எடுத்துப் பார்த்தேன் விபெக்கெ. வருஷா வருஷம் அதே ஆள் பக்கத்துல அதே ஆள். உங்களையே எடுத்துக்கோங்க. பதினோரு வருஷமா டோர்கில்ட் பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. உங்களுக்கே சலிக்கலையா?"

என் காது மடல் சூடானது. ஐம்பத்தேழு வயதில் அது நடக்கக் கூடாது, நடந்தது. நல்ல வேளையாக ஃப்ளெமிங் குறுக்கே விழுந்தான்.

"அந்த நாற்காலில வேற எவன் உக்காருவான்? சமையலறைக் கதவு திறக்கறப்பல்லாம் குளிர் காத்து கழுத்துல அடிக்கும், தட்டெல்லாம் தலைக்கு மேல போகும். டோர்கில்ட் வாயில்லாப் பூச்சி, குறை சொல்ல மாட்டான். அதான் அங்க தள்ளி வெச்சிருக்காங்க. இல்ல விபெக்கெ?"

"ஆமா" என்றேன்.

பிறகு பேரம் பேசினேன். ஒவ்வொருவர் பெயரையும் இழுத்துக் கேலி செய்து வருடா வருடம் நான் எழுதும் பாட்டை விட்டுக்கொடுத்தேன். வினாடி வினாவுக்குச் சம்மதித்தேன். ஸ்வெட்டர் போட்டிக்கும் சம்மதித்தேன். நானே ஒன்று போட்டு வருவதாகவும் வாக்குக் கொடுத்தேன். பதிலுக்கு இருக்கை வரிசை மட்டும் என் கையில் இருக்கட்டும் என்றேன். புதிதாக வந்தவர்களைத் தனியாக விட்டுவிடக் கூடாது, பழைய பகையாளிகளைப் பக்கத்தில் போடக் கூடாது, இதெல்லாம் சீட்டுக்குத் தெரியுமா என்று கேட்டேன். கமில்லா யோசித்துவிட்டுச் சரி என்றாள். அன்று வென்றது நான்தான். அந்தச் சீட்டுக் குலுக்கலுக்குப் பேசாமல் விட்டிருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு, தொழிற்சாலைக் கேன்டீனில் எங்கள் விருந்து. கணவனையோ மனைவியையோ அழைத்து வரும் வழக்கம் கிடையாது. ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றி உட்கார வேண்டும். அன்று மதியம் முழுக்க, அவரவர் பெயர் அட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவரவர். விருந்து நடத்துகிறவளுக்குச் சமையலறைக் கதவை ஒட்டிய நாற்காலி. எழுந்து எழுந்து ஓட வேண்டுமே. அதற்கு அடுத்த நாற்காலி யாருக்கும் பிடிக்காதது. பிடிக்காத இடத்தில் ஒருவரை உட்கார வைத்தால் அது அன்பு என்று யாருக்கும் தோன்றாது. நான் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் இந்த ஸ்கீவெ ஊரிலேயே இல்லை.

முதல் வருடம் அது இரக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். டோர்கில்ட் எங்கள் அளவுக்காரன். வாடிக்கையாளர் வீடுகளுக்குப் போய் ஜன்னல்களை அளந்து வருவது அவன் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் அலுவலகத்துக்கு வந்து அளவுத் தாள்களை என் மேஜையில் கொடுப்பான். அந்த இலையுதிர் காலத்தில்தான் அவன் மனைவி இறந்திருந்தாள். அவனிடம் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியவில்லை. தன் பக்கத்தில் அவனைப் போட்டுவிடாதே என்று மூன்று பேர் என்னிடம் தனித்தனியாக வந்து கேட்டுக்கொண்டார்கள். அதனால் என் பக்கத்தில் போட்டேன். மீன் தீரும்வரை அவன் பேசவில்லை. எனக்கும் ஒன்றும் தோன்றாமல், ஜன்னல் அளக்கப் போனால் அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று சும்மா கேட்டு வைத்தேன். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். எல்லோரும் பின்னாலேயே வந்து நின்று தூசிக்கு மன்னிப்புக் கேட்பார்கள் என்றான். பெரிய ஜன்னலே வேண்டாம் என்று அடம்பிடித்த ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னான். கடலைப் பார்த்த ஜன்னல். பெரிதாக வைத்தால் மொத்தக் கடலும் தெரியும், அவ்வளவையும் தனியாகப் பார்க்கத் தன்னால் முடியாது என்றாராம் அவர். சொல்லும்போது இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சட்டம் வரைந்தான். அந்தச் சட்டத்துக்குள் என் முகம் இருந்தது. அதோடு நான் தொலைந்தேன். என் விவாகரத்துக்கு அப்போது நான்கு வயது, மகன் ஆர்ஹூஸ் நகரத்துக்குப் படிக்கப் போயிருந்தான். தொலைவதற்குத் தோதான வீடும் இருந்தது.

அவனுக்கு இடது காது கேட்காது. இளவயதில் ரம்பத்தால் மரம் அறுக்கும் பிரிவில் வேலை பார்த்ததில் போனது. யாரிடமும் சொல்ல மாட்டான். கேட்காவிட்டால் சிரித்து வைப்பான், அதனால்தான் அவனை மந்தம் என்று நினைக்கிறார்கள். இரண்டாம் வருடத்திலிருந்து எப்போதும் அவனுடைய வலது பக்கத்தில் நான் வருமாறு பார்த்துக்கொண்டேன். ஐந்தாம் வருடம் நான் காபி வைக்க உள்ளே போயிருந்தபோது, கதவின் வட்டக் கண்ணாடி வழியாக ஒன்றைப் பார்த்தேன். கடைசியாக வரும் பால்சோற்றில் முழுப் பாதாம் ஒன்றே ஒன்று இருக்கும். அது கிடைத்தவர் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மற்றவர்கள் கிண்ணத்தை வழித்து முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருக்க வேண்டும். டோர்கில்ட் தனக்கு வந்த பாதாமைக் கரண்டியால் எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என் கிண்ணத்தில் புதைத்தான். பாதாம் கிடைத்தவருக்குத் தரும் பரிசு, மார்சிபான் என்ற பாதாம் இனிப்பில் செய்த பன்றிக்குட்டி, இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. தின்பண்டம்தான், இப்போது கல்லாகிவிட்டது. ஏழு வருடங்களாக நான் உயிர் வாழ்ந்தது அந்தப் பன்றிக்குட்டியை வைத்துத்தான் என்றால் சிரிப்பீர்கள்.

நவம்பர் கடைசி வெள்ளிக்கிழமை, அளவுத் தாள்களைக் கொடுத்த பிறகும் அவன் போகவில்லை. அறைக் கதவைச் சாத்தினான். பதினோரு வருடத்தில் அவன் அந்தக் கதவைச் சாத்தியதே இல்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"விபெக்கெ, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"இந்த வருஷம் விருந்துல என்னைய வேற இடத்துல உக்கார வைக்க முடியுமா?"

"கதவுக் காத்தா?"

"அய்யோ, காத்தெல்லாம் இல்ல." தொப்பியைக் கையில் சுற்றினான். "கண்ணாடிப் பிரிவுக்குப் புதுசா வந்திருக்காங்களே, டோர்தெ. அவங்க பக்கத்துல. வேற யார்கிட்ட கேட்டாலும் ஓட்டியே கொன்னுடுவாங்க. உன்கிட்ட மட்டும்தான் கேக்க முடியும்."

ஐம்பத்தொன்பது வயது ஆளின் கழுத்துவரை சிவப்பு ஏறியிருந்தது. எவ்வளவு அழகாக இருந்தான்! அந்தச் சிவப்பு எனக்காக இல்லை என்பதை என் புத்தி ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

"உனக்கும் ஒரு வருஷமாவது விடுதலை வேண்டாமா?" என்றான். "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைக்காத. அந்த முதல் வருஷம் என் பக்கத்துல உக்கார யாருக்கும் இஷ்டமில்ல, நீதான் போனாப் போகுதுன்னு என்னை எடுத்துக்கிட்ட. ஃப்ளெமிங் சொன்னது காதுல விழுந்துச்சு. நல்ல காதுல. அதுக்கப்புறம் வருஷா வருஷம் நீயே சுமந்துட்ட. அந்தப் பாதாமை உன் கிண்ணத்துல போட்டது நான்தான், தெரியுமா? உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல, அதான்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உன்னைச் சுமக்கவில்லை, மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளையும்தான் சுமந்தேன் என்று சொல்லியிருக்கலாம். தொப்பியைச் சுற்றிக்கொண்டு நிற்கும் மனிதனிடம் எப்படிச் சொல்வது? "எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்ல டோர்கில்ட்" என்று மட்டும் வந்தது.

"நீ எப்பவுமே இப்படித்தான் சொல்லுவ. நல்லவ நீ" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனான். என்னை யாரும் அதற்குமுன் அவ்வளவு பலமாக அடித்ததில்லை.

ஞாயிறு மதியம் சமையல் மேஜையில் உட்கார்ந்து பெயர் அட்டைகளை எழுதினேன். ஒவ்வொரு அட்டைக்கும் சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதத்தைப் பின்னி ஒரு இதயம் செய்து ஒட்டுவேன், நாற்பத்தாறு இதயம். டோர்தெயின் அட்டையில் மை கொட்டிவிடுமோ என்று பார்த்தேன். கொட்டவில்லை, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே அழகாக எழுதிவிட்டது. அவளைப் பற்றிக் குறை சொல்லவும் எதுவும் இல்லை. ஐம்பது வயதுக்காரி, மெல்லிய குரல், எல்லோருக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். வரிசைப் படத்தை விரித்து, நடு மேஜையில், தோட்டத்தைப் பார்த்த பக்கத்தில் டோர்கில்ட்டின் அட்டையை வைத்தேன். அவனுக்கு வலது பக்கம் கணக்குப் பிரிவு கர்ஸ்டினை வைத்தேன். டோர்தெயை இடது பக்கம் வைத்தேன்.

பக்கத்தில் என்றுதானே கேட்டான்? இடதும் பக்கம்தான். என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவள் மெதுவாக ஏதோ கேட்பாள். அவன் சிரித்து வைப்பான். இன்னொன்று கேட்பாள், அதற்கும் சிரிப்பான். வறுத்த பன்றி இறைச்சி வருவதற்குள் அவள் மறு பக்கம் திரும்பிவிடுவாள். மனிதன் நல்லவன்தான், மண்டையில்தான் ஒன்றும் இல்லை என்று திங்கட்கிழமை யாரிடமாவது சொல்லுவாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அடுத்த வருடம் கதவோர நாற்காலிக்கு அவன் திரும்பி வந்துவிடுவான். இதைச் செய்ய எனக்கு வெட்கமாக இல்லை. வாரம் முழுக்க இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேஜைகளில் அட்டைகளை வைத்து முடித்திருந்தேன், இடது இடதாகவே. கண்றாவி ஸ்வெட்டர் போட்டிருந்தேன். நெஞ்சில் ஒரு கலைமான், அதன் மூக்கில் விளக்கு மினுக்கும். உள்ளே கேன்டீன் சமையல்காரி யூட்டெ இறைச்சியின் தோலை மொறுமொறுப்பாக்கிக்கொண்டிருந்தாள். தற்செயலாக ஜன்னல் வழியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தேன். டோர்கில்ட் வந்துவிட்டிருந்தான். காரைவிட்டு இறங்கி, கண்ணாடியில் குனிந்து, முடியை ஒரு பக்கம் தடவினான், பிறகு மறு பக்கம் தடவினான். புதுச் சட்டை. மேல் கோட்டைத் திறந்து சட்டையை இழுத்துவிட்டபோது, கடையில் மடித்து வைத்த கோடுகள் நெஞ்சில் சதுரம் சதுரமாக அப்படியே தெரிந்தன. அதை இஸ்திரி போட வேண்டும் என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. கையால் அந்தக் கோடுகளைத் தேய்த்துப் பார்த்தான். போகவில்லை.

நான் போய் டோர்தெயின் அட்டையை எடுத்து வலது பக்கம் வைத்தேன். கர்ஸ்டினை இடது பக்கம் வைத்தேன். இரண்டு வினாடி வேலை. பிறகு சமையலறைக்குள் போய் வெங்காயம் ஏதாவது நறுக்க இருக்கிறதா என்று யூட்டெயிடம் கேட்டேன்.

"எல்லாம் நறுக்கியாச்சு."

"இருந்தாலும் ஒண்ணு குடு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்று கொடுத்தாள்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. இந்த வருடம் என் பக்கத்தில் ஃப்ளெமிங். தன் பயண வண்டியில் புதிதாகப் பொருத்திய கழிப்பறையைப் பற்றி ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன் தொடங்கி வறுத்த மீன்வரை சொன்னான். ஒவ்வொரு கோப்பை ஸ்னாப்ஸ் சாராயத்துக்கும் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். வினாடி வினாவில் கிடங்கு ஜெயித்தது. என் பாட்டு ஏன் இல்லை என்று நான்கு பேர் வந்து சண்டை போட்டார்கள். கமில்லா முகம் சுருங்கி, அடுத்த வருடம் கண்டிப்பாக உண்டு என்றாள். நடு மேஜையை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதும் முழுநேர வேலையாகத்தான் இருந்தது.

பன்றி இறைச்சித் தட்டை எடுக்க உள்ளே போனபோது டோர்தெ பின்னாலேயே வந்தாள்.

"ஏதாவது எடுத்துக் குடுக்கட்டுமா? நீங்க உக்காரவே இல்லையே."

"இது என் வேலை. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

அவள் போகவில்லை. "ஒண்ணு கேக்கலாமா? டோர்கில்ட் பக்கத்துல என்னைப் போட்டிருக்கீங்க. நல்ல மனுஷன்னு தெரியுது. ஆனா நான் பேச ஆரம்பிச்சாலே எனக்குப் பேச்சு தீர்ந்துபோகுது. அவரும் அப்படித்தான் போல. ரெண்டு பேரும் பீட்ரூட்டையே பார்த்துட்டு உக்காந்திருக்கோம்." சிரித்தாள். கண்ணில் பயம் இருந்தது. அவளும் அவனுக்காக ஏதோ புதிதாகப் போட்டிருந்தாள். காதில் சின்ன வெள்ளி நட்சத்திரங்கள்.

சும்மா இருந்திருந்தாலே போதும். மீதி வேலையை அந்தப் பீட்ரூட்டே முடித்திருக்கும்.

"ஜன்னல் அளக்கப் போனா வீட்டுக்காரங்க என்ன பண்ணுவாங்கன்னு கேளுங்க" என்றேன். "கேட்டுட்டு அவசரப்படுத்தாதீங்க. அவன் முள்கரண்டியைக் கீழ வெப்பான். அதுவரைக்கும் காத்திருங்க."

அவள் என் கையை அழுத்திவிட்டுப் போனாள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு கதவின் வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். அவள் உட்கார்ந்தாள். வலது காதுப் பக்கம் குனிந்து கேட்டாள். டோர்கில்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். தூசிக்கு மன்னிப்புக் கேட்பவர்களைச் சொல்கிறான் என்று அவன் தோள் குலுங்கியதிலிருந்தே தெரிந்தது. அப்புறம் தோள் அடங்கியது; இப்போது கடலோரக் கிழவர். இரண்டு கைகளும் மெல்ல மேலே எழுந்தன. காற்றில் சட்டம் வரைந்தான். அதற்குள் டோர்தெயின் முகம் இருந்தது. அவள் சிரிக்கவில்லை, கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் கேட்டாள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

"தட்டு ஆறுது விபெக்கெ" என்றாள் யூட்டெ.

மூன்றே முக்காலுக்கு வெளியே இருட்டிவிட்டது. பால்சோற்றுப் பாத்திரங்கள் வந்தன, மேலே ஊற்றச் சூடான செர்ரிச் சாறு வந்தது. ஃப்ளெமிங் எனக்கும் சேர்த்து அள்ளிப் போட்டான். இரண்டாவது வாயிலேயே பல்லில் தட்டுப்பட்டது. நாக்கால் புரட்டிப் பார்த்தேன், முழுசு. கன்னத்துக்குள் தள்ளினேன்.

எல்லோரும் தேடித் தேடித் தின்றார்கள். பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்கள். பாத்திரங்கள் காலியாயின. கமில்லா பரிசுப் பன்றிக்குட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினாள்.

"யார்கிட்ட இருக்கு? மரியாதையா ஒத்துக்கோங்க!"

யாரும் எழவில்லை. ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள்.

"யூட்டெ போட மறந்துட்டா" என்றான் ஃப்ளெமிங்.

"மறந்தேனா? என் கையால போட்டேன்டா தடியா!" என்று யூட்டெ உள்ளேயிருந்து கத்தினாள்.

"விபெக்கெகிட்டதான் இருக்கும்!" நடு மேஜையிலிருந்து டோர்கில்ட்டின் குரல். அவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து நின்றிருந்தான், முகமெல்லாம் மகிழ்ச்சி, சட்டையில் அந்த மடிப்புகள் இன்னும் அப்படியே. "விபெக்கெ, வாயைத் திற பாப்போம்!"

நாற்பத்துச் சொச்சம் பேர் என் பக்கம் திரும்பினார்கள். திறந்து காட்டினால் எல்லோரும் கைதட்டுவார்கள். அவன்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டுவான், தன் நல்ல விபெக்கெக்குக் கடைசியில் ஒன்று கிடைத்ததே என்று. அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். உதட்டை மூடியபடி, காலிக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டி, இல்லை என்று தலையாட்டினேன். நெஞ்சில் கலைமானின் மூக்கு மினுக்கியது. எல்லோரும் சிரித்தார்கள், பன்றிக்குட்டியை என்ன செய்வது என்று கமில்லாவைச் சுற்றிச் சண்டை தொடங்கியது. டோர்தெ டோர்கில்ட்டின் வலது காதில் ஏதோ சொன்னாள். அவன் உட்கார்ந்தான்.

எதிரே, தோட்டத்தைப் பார்த்த நீள ஜன்னல், எங்கள் தொழிற்சாலையில் செய்ததுதான், இருட்டில் கண்ணாடியாக மாறி மொத்தக் கேன்டீனையும் காட்டியது. மெழுகுவர்த்திகள், காகித இதயங்கள், ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்த இரண்டு தலைகள். அவற்றுக்குப் பின்னால், கதவோரத்தில், ஒரு கன்னம் மட்டும் லேசாகப் புடைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.